கல்யாணத்துக்கு முன்னாடி மகளோட வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா டாக்டர்?

திருவட்டாறு பக்கத்துல இருந்து ஒரு அம்மா ரொம்ப விவரமா எழுதியிருக்காங்க, அடையாளம் தெரியுற விஷயத்தை எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்கு போறவர். ஒரே மக, 23 வயசு, பிஎட் முடிச்சுட்டு தனியார் ஸ்கூல்ல டீச்சரா இருக்கா. பிளஸ் ஒன் படிக்கும்போது பரீட்சைக்கு ராத்திரி முழுக்க கண்ணு முழிச்சு படிச்சுட்டு, காலைல பல்லு தேய்க்க கிணத்தடிக்கு போனவ அப்படியே விழுந்து கையும் காலும் இழுத்திருக்கு. முதல்ல ஒரு டாக்டர் ஃபெனிடாயின் குடுத்தாரு, சரியா கேக்கல, அப்புறம் வேற டாக்டர் வால்ப்ரோயேட்டுக்கு மாத்தினாரு, காலைல 500 மில்லிகிராம், ராத்திரி 500. கடைசியா இழுத்தது மூணு வருஷம் முன்னாடி, சிவராத்திரிக்கு சொந்தக்காரங்களோட வேன்ல பன்னிரண்டு சிவாலயமும் சுத்திட்டு, தூங்காம, மாத்திரையும் போடாம வீடு திரும்புன காலைல. அதுக்கப்புறம் இல்ல.

இப்போ மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து நல்ல சம்மந்தம் வந்திருக்கு. பையன் கல்ஃப்ல, லீவு கணக்கு பாத்தா இன்னும் ரெண்டரை மாசத்துல கல்யாணம் முடியணும், நிச்சயம் இன்னும் நடக்கல. பையன் வீட்ல தீனத்தை (நோயை) பத்தி இவங்க யாரும் வாய் திறக்கல. "கல்யாணம் ஆனா தன்னால சரியாயிடும்"னு அத்தை சொல்றாங்க, பக்கத்து ஊரு ஆசான் (நாட்டு வைத்தியர்) ஒருத்தர் 41 நாள் எண்ணெயும் லேகியமும் குடுத்து வேரோட எடுத்திரலாம்னு சொல்லியிருக்காரு. அந்த அம்மா கேக்குறது நாலு விஷயம்: மூணு வருஷமா வரலையே மாத்திரையை நிறுத்தலாமா, பிறக்குற பிள்ளைக்கு இது வருமா, மாப்பிள்ளை வீட்ல சொல்லணுமா, சொல்லாம விட்டா கோர்ட்டுக்கு போய் கல்யாணத்தையே ரத்து பண்ணிடுவாங்களா.

கடைசி பக்கத்துல ரெண்டு வரி, போற போக்குல எழுதுன மாதிரி: "மூணு வாரமா காலை மாத்திரையை பாதியா உடைச்சு குடுக்கிறேன், டாக்டர்தான் குறைக்க சொன்னாருன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். இப்ப கொஞ்ச நாளா காலைல சாயா டம்ளரை கைநழுவ விட்டுடுறா, கல்யாண வெப்ராளமா (பதட்டமா) இருக்கும்."

அம்மா, உங்க நாலு கேள்விக்கும் பதில் சொல்றேன், ஆனா அந்த கடைசி ரெண்டு வரில இருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா மத்தது எல்லாம் நாளைக்கு பேசலாம், இது இன்னைக்கே பேச வேண்டியது.

டம்ளர் கைநழுவுறது வெப்ராளம் இல்ல

உங்க மகளை நான் நேர்ல பாக்கல, ஈ.ஈ.ஜி.யும் (மூளையோட மின் ஓட்டத்தை பதியுற டெஸ்ட்) பாக்கல, கடிதத்தை மட்டும் வச்சு சொல்றேன். 15, 16 வயசுல ஆரம்பிச்சது, தூக்கம் கெட்ட மறுநாள் காலைல வந்தது, ஃபெனிடாயினுக்கு அடங்காம வால்ப்ரோயேட்டுக்கு அடங்குனது, இப்போ காலைல டம்ளர் விழுறது, இது எல்லாத்தையும் சேத்து பாத்தா ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சின்னு நாங்க சொல்ற வகையா இருக்க ரொம்ப வாய்ப்பு இருக்கு. பேருதான் பெருசு, அபூர்வமான நோய் ஒண்ணும் இல்ல, வயசுப்பிள்ளைங்களுக்கு வர்ற வலிப்புல அடிக்கடி பாக்குற வகை இது. தூங்கி எந்திரிச்ச கொஞ்ச நேரத்துக்குள்ள தோளும் கையும் படக்குன்னு ஒரு தடவை ரெண்டு தடவை துடிக்கும், நினைவு தப்பாது, கையில இருக்குற பிரஷ், சீப்பு, டம்ளர் எகிறி போகும். பிள்ள "என்னமோ கை உதறுது"ன்னு சொல்லும், வீட்ல "கவனமே இல்ல உனக்கு"ன்னு திட்டு விழும். இழுப்பு வரும்போது ஆஸ்பத்திரிக்கு ஓடி வர்ற குடும்பம் இந்த துடிப்பை பத்தி டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல, நாங்களா "காலைல சாமான் ஏதாச்சும் கைல இருந்து விழுமா"ன்னு கேட்டாத்தான் "ஆமா டாக்டர், வீட்ல கண்ணாடி டம்ளரே மிச்சம் இல்ல"ன்னு சிரிச்சிட்டே சொல்லுவாங்க.

அப்போ இந்த துடிப்பும் வலிப்புதான், சின்ன அளவுல. அடங்கி கிடந்தது இப்போ திரும்ப தலை தூக்குதுன்னா காரணத்தை தேட வேண்டாம், அந்த பாதி மாத்திரைதான். இந்த துடிப்பு கூடிக்கிட்டே போய் ஒரு நாள் காலைல முழு இழுப்பா முடியுறதுதான் இந்த நோயோட வழக்கம், அது கிணத்தடில நடக்கலாம், ஸ்கூல் பஸ் படிக்கட்டுல நடக்கலாம், கேஸ் அடுப்பு முன்னாடி நடக்கலாம். அதனால நாளைக்கு காலைல இருந்து முழு மாத்திரை. உங்க டாக்டருக்கு ஒரு போன் பண்ணி "நானா குறைச்சுட்டேன், இப்போ துடிப்பு வருது"ன்னு உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க. திட்டுவாருன்னு பயப்படாதீங்க, எங்களுக்கு இது புதுசு இல்ல.

இன்னொண்ணும் செய்யணும், இது உங்களுக்கு மாத்திரையை விட கஷ்டமா இருக்கும். மககிட்ட உண்மையை சொல்லணும். தன் கை ஏன் துடிக்குதுன்னு அவளுக்கு தெரியாம இருக்கு, டாக்டர் குறைக்க சொன்னதாவே நினைச்சிட்டு இருக்கா, அந்த தைரியத்துல ஸ்கூட்டி ஓட்டலாம், குளத்துல இறங்கலாம். இவ்வளவு நீளமா எழுதியிருக்கீங்களே, உங்க மக என்ன நினைக்கிறா, மாப்பிள்ளைகிட்ட சொல்ல அவளுக்கு விருப்பமா இல்லையான்னு கடிதத்துல ஒரு வரி கூட இல்ல. 23 வயசு, நாப்பது பிள்ளைங்களை வச்சு கிளாஸ் எடுக்குறவ. தீனம் அவளோடது, கல்யாணமும் அவளோடது. இனிமே நான் எழுதுறதை அவளையும் பக்கத்துல உக்கார வச்சு படிங்க.

மூணு வருஷம் வரலைன்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தமா?

இந்த நினைப்பு உங்களுக்கு சும்மா வரல, ஒரு காரணம் இருக்கு. சில வகை வலிப்புக்கு, முக்கியமா சின்ன பிள்ளைங்களுக்கு வர்றதுல, ரெண்டு வருஷம் மூணு வருஷம் வராம இருந்தா மாத்திரையை மெல்ல மெல்ல குறைச்சு நிறுத்தி பாக்குறது நாங்களே செய்றதுதான். அப்படி நிறுத்துன பிள்ளைங்க உங்க தெருவுலயே இருக்கலாம். ஆனா உங்க மகளுக்கு இருக்கிற வகை வேற மாதிரி, மாத்திரைக்கு நல்லா அடங்கும், மாத்திரையை நிறுத்துனா பெரும்பாலானவங்களுக்கு திரும்ப வந்துடும், அஞ்சு வருஷம் வராம இருந்தவங்களுக்கும்கூட வந்திருக்கு. அதனால நீண்ட காலத்துக்கு, பல பேருக்கு ஆயுசுக்கும், மாத்திரை வேணும்னு முதல்லயே சொல்லிடுவோம். பிரஷருக்கு சுகருக்கு ஆயுசு முழுக்க மாத்திரை போடுறவங்க இல்லாத வீடு நம்ம ஊர்ல எது, அதை யாரும் மறைக்கிறது இல்ல, இதுக்கு மட்டும் ஏன் அவ்வளவு பாரம்னு எனக்கு இன்னும் விளங்கல.

ஸ்கேன் எடுத்து ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. இந்த வகைல எம்.ஆர்.ஐ. சாதாரணமாத்தான் இருக்கும், மூளைல கட்டியோ தழும்போ இல்ல, நரம்பு செல்லுங்க தங்களுக்குள்ள மின்சாரம் அனுப்புற விதத்துலதான் கோளாறு, அது படத்துல தெரியாது. ஈ.ஈ.ஜி.யும் எடுக்குற அந்த அரைமணி நேரத்துல சுத்தமா இருக்கலாம். ஸ்கேன் நல்லா இருக்குன்னா நோய் இல்லன்னு ஆகாது, ஆனா மூளைல பெருசா ஆபத்து எதுவும் இல்லன்னு நிம்மதியா இருக்கலாம்.

கல்யாணம் ஆனா சரியாயிடும்னு அத்தை சொல்றதை மட்டும் தயவுசெஞ்சு காதுல வாங்காதீங்க. கல்யாணம் வலிப்புக்கு மருந்து இல்ல. நேர் எதிர், புது வீடு, தூக்கம் குறைவு, மாத்திரை மறக்குறதுன்னு கல்யாணத்தை ஒட்டின மாசங்கள்லதான் பல பிள்ளைங்களுக்கு திரும்ப வருது.

மாத்திரையை மாத்தணும், ஆனா நீங்க நினைக்கிற காரணத்துக்கு இல்ல

நிறுத்தக் கூடாதுன்னு சொன்னேன். மாத்தணுமான்னு கேட்டா, யோசிக்கத்தான் வேணும், அதுவும் இப்பவே.

வால்ப்ரோயேட் இந்த வகை வலிப்புக்கு ரொம்ப நல்லா கேக்குற மருந்து, அதுல சந்தேகம் இல்ல. ஆனா வயித்துல பிள்ள இருக்கும்போது இதை சாப்பிட்டா பிள்ளைக்கு பெரிய உறுப்பு குறைபாடு வர்ற வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 10. மருந்தே சாப்பிடாத அம்மாக்களுக்கு அது 100க்கு 2, 3 தான். முதுகுத்தண்டு மூடாம பிறக்குறது, இதயத்துல ஓட்டை, அன்னப்பிளவு இந்த மாதிரி. அதை விட அதிகமா நடக்குறது, பிறந்த பிறகு பேச்சு, படிப்பு, புத்தி வளர்ச்சில பின்தங்குறது, 100க்கு 30ல இருந்து 40 வரைக்கும் சொல்றாங்க. மாத்திரை அளவு கூட கூட ஆபத்தும் கூடும். அதனாலதான் பிள்ள பெத்துக்கற வயசுல இருக்குற பெண்களுக்கு வேற வழி இருந்தா வால்ப்ரோயேட் வேண்டாம்னு உலகம் முழுக்க இப்போ சொல்றாங்க. உங்க மகளுக்கு 15 வயசுல ஆரம்பிச்சப்போ வலிப்பை அடக்குறது முக்கியமா இருந்திருக்கும், 23ல கல்யாணம் பேசும்போது கணக்கு வேற.

தலைமுடி கொட்டுது, மாதவிடாய் தள்ளித் தள்ளி போகுது, அதுக்கு எண்ணெய் தேச்சு பாக்குறோம்னு எழுதியிருந்தீங்க. முடி கொட்டுறது, உடம்பு போடுறது, சினைப்பைல நீர்க்கட்டி, மாதவிடாய் ஒழுங்கில்லாம போறது எல்லாம் இந்த மருந்தால வரக்கூடியதுதான். எண்ணெயால ஒண்ணும் ஆகாது, இதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

மாத்துறதுக்கு லெவெடிராசெட்டம் இருக்கு, லமோட்ரிஜின் இருக்கு. ரெண்டுலயும் பிள்ளைக்கு குறைபாடு வர்ற வாய்ப்பு மருந்தே சாப்பிடாதவங்களுக்கு பக்கத்துலதான் நிக்குது. லெவெடிராசெட்டத்துல சிலருக்கு எரிச்சல், கோபம், மனசு சோர்வு வரும், வந்தா சொல்லணும், "புதுப்பொண்ணு ஏன் இப்படி எரிஞ்சு விழுறா"ன்னு வீட்ல சண்டையா மாறிட கூடாது. லமோட்ரிஜினை ரொம்ப மெதுவா ஏத்தணும், வேகமா ஏத்துனா தோல்ல மோசமான அலர்ஜி வரலாம், வால்ப்ரோயேட்டோட சேரும்போது இன்னும் மெதுவா, போதாததுக்கு சிலருக்கு கை துடிப்பை அது கூட்டவும் செய்யும். உங்க மகளை பாக்குற டாக்டர் இதுல எதுன்னு முடிவு பண்ணட்டும். புது மாத்திரையை ஏத்தி, பழசை படிப்படியா இறக்கி முடிக்க சில மாசம் ஆகும், நடுவுல ஒரு இழுப்பு வந்துட்டு போகவும் வாய்ப்பு இருக்கு. உங்ககிட்ட இருக்கிறது ரெண்டரை மாசம், அதுலயும் கடைசி ஒரு மாசம் யாருக்கும் ஒழுங்கா தூக்கம் இருக்காது. அவசரமா மாத்தி கல்யாண மேடைல இழுக்குறதை விட மோசமான விஷயம் உங்களுக்கு வேற எதுவும் இருக்காது.

என் யோசனை கேட்டா, பையனோட அடுத்த லீவுக்கு தள்ளி வச்சுட்டு மாத்திரையை நிதானமா மாத்துறதுதான் நல்லது. தள்ள முடியாதுன்னா, இப்போ இருக்கிற வால்ப்ரோயேட்டை முழு அளவுல தொடர்ந்துட்டு கல்யாணத்தை நடத்துங்க, மாத்திரை மாத்தி முடிச்சு டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கர்ப்பம் தரிக்காம பாத்துக்கணும். "வந்தா வரட்டும்"னு விட முடியாது, ஏன்னா பிள்ளையோட முதுகுத்தண்டு மூடுறது கரு உண்டாகி முதல் நாலு வாரத்துக்குள்ளயே முடிஞ்சிடும், நாள் தள்ளிப்போச்சேன்னு டெஸ்ட் பண்ணி பாக்குறப்போ அந்த வேலை பெரும்பாலும் நடந்து முடிஞ்சிருக்கும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை அதனாலதான் கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிக்க சொல்றோம், நம்ம ஊர்ல பொதுவா 5 மில்லிகிராம் எழுதுவாங்க. புதுசா கல்யாணம் ஆன வீட்ல "விசேஷம் உண்டா"ன்னு மூணாவது மாசமே கேக்க ஆரம்பிச்சிடுவாங்கன்னு எனக்கும் தெரியும், அந்த கேள்வியை தாங்குறதுக்காவது புருஷனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

கொஞ்சம் பேருக்கு வால்ப்ரோயேட்டை விட்டா வேற எதுவும் கேக்காது. அப்படி இருந்தா குறைஞ்ச அளவுல எப்படி சமாளிக்கலாம்னு பேசுவோம், அது அப்போ பாக்கலாம்.

கர்ப்பம் ஆன பிறகு பயந்து மாத்திரையை திடீர்னு நிறுத்துறதுதான் ரொம்ப ஆபத்து, தாய்க்கும் பிள்ளைக்கும் ரெண்டு பேருக்குமே. நமக்கு திருவனந்தபுரம் பக்கத்துல இருக்கிறது ஒரு கொடுப்பினை. அங்க ஸ்ரீ சித்திரா இன்ஸ்டிட்யூட்ல வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்குன்னே ஒரு பதிவேடு 1998ல இருந்து நடத்துறாங்க, கர்ப்பத்துக்கு முன்னாடி இருந்தே பதிஞ்சு, பிள்ள பிறந்து வளர்ற வரைக்கும் பாக்குறாங்க. வலிப்பு இருக்குங்கிற ஒரே காரணத்துக்கு சிசேரியன் வேண்டியது இல்ல, தாய்ப்பால் தாராளமா குடுக்கலாம். பிள்ளைக்கு இந்த நோய் வருமான்னு கேட்டீங்க, மத்த பிள்ளைங்களை விட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான், 100 பிள்ளைங்கள்ல 90க்கும் மேல வராது.

மாப்பிள்ளை வீட்ல சொல்லணுமா

சொல்லணும். நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லணும். நியாயம் தர்மம்னு பேச வரல, டாக்டரா எனக்கு இருக்கிற காரணம் வேற.

மறைச்சு வைக்கிற மாத்திரை ஒழுங்கா உள்ள போகாது. மாமியார் வீட்டுக்கு போற பிள்ள மாத்திரையை வைட்டமின் பாட்டில்ல போட்டு வச்சிருப்பா, இல்லைன்னா புடவை மடிப்புக்குள்ள. விருந்துக்கு போன வீட்ல ராத்திரி தங்க வச்சிடுவாங்க, கையில மாத்திரை இருக்காது, எடுத்துட்டு வாங்கன்னு யார்கிட்டயும் சொல்ல முடியாது. எல்லாரும் பாத்துட்டு இருக்கும்போது வாயில போட முடியாது, அப்புறம் போடலாம்னு விட்டது மறந்துடும். ரெண்டு வேளை இப்படி போனா போதும், மூணாவது நாள் காலைல அடுக்களைல விழுவா. அந்த வீட்ல இதை பத்தி யாருக்கும் எதுவும் தெரியாது, வாயில கரண்டியை திணிப்பாங்க, பேய் பிடிச்சிருக்குன்னு எங்கயாவது கூட்டிட்டு போவாங்க. அப்புறம் உண்மை வெளிய வரும்போது அவங்க கோபப்படுறது வலிப்புக்காக இருக்காது, ஏமாத்திட்டாங்கங்கிறதுக்காக இருக்கும். எங்ககிட்ட வந்து அழுற பிள்ளைங்க பல பேரு சொல்றது இதைத்தான், "முதல்லயே சொல்லியிருந்தா அவரு கட்டியிருப்பாரு டாக்டர்".

சொன்னா சம்மந்தம் முறியலாம். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். முறிஞ்சா வேதனைதான், ஆனா நிச்சயத்துக்கு முன்னாடி முறியுறதும் கல்யாணத்துக்கு பின்னாடி முறியுறதும் ஒண்ணு இல்ல.

யாரு யார்கிட்ட சொல்றதுங்கிறதுல நிதானம் வேணும். புரோக்கர் மூலமா சொல்லாதீங்க, அவரு சொல்ற விதத்துல ஒண்ணு பத்தாகும். பையன் வீட்டு பெரியவங்க பத்து பேரை கூட்டி வச்சும் சொல்ல வேண்டாம். உங்க மக சம்மதிச்சா அவளே பையன்கிட்ட வீடியோ கால்ல பேசட்டும்: "பிளஸ் ஒன்ல இருந்து எனக்கு வலிப்பு இருக்கு, மாத்திரை போட்டா வராது, மூணு வருஷமா பெரிய இழுப்பு வரல, ஆயுசுக்கும் மாத்திரை வேணும், பிள்ள பெத்துக்கறதுக்கு முன்னாடி மாத்திரை மாத்தணும், சந்தேகம் இருந்தா என் டாக்டர்கிட்ட பேசுங்க." இவ்வளவு போதும். அழ வேண்டாம், மன்னிப்பு கேக்க வேண்டாம். கிரிக்கெட்ல பந்தை பாஞ்சு பிடிச்ச ஜான்டி ரோட்ஸை பையனுக்கு தெரியாம இருக்காது, அவருக்கும் வலிப்பு நோய் உண்டு, அவரே வெளிப்படையா சொன்னது. பையன் யோசிக்க நேரம் கேட்டா குடுங்க. பெரியவங்ககிட்ட எப்போ எப்படி சொல்றதுன்னு அவங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணட்டும்.

கல்யாணம் ஆகி கல்ஃபுக்கு போற யோசனை இருந்தா மாத்திரை சீட்டும் டாக்டர் கடிதமும் கையில இருக்கணும். வலிப்புக்கு குடுக்கிற குளோபசாம், குளோனசெபாம் மாதிரி மருந்துங்களுக்கு அந்த பக்கம் கட்டுப்பாடு உண்டு, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

கோர்ட்டு பயம்

நான் வக்கீல் இல்ல, ஆனா இந்த ஒரு விஷயம் எங்க வேலைல அடிக்கடி வர்றதால தெரியும். இந்து திருமண சட்டத்துல வலிப்பு உள்ளவங்க கல்யாணம் பண்ணக் கூடாதுங்கிற மாதிரி ஒரு வரி முன்னாடி இருந்துச்சு, பைத்தியத்தோட சேத்து எழுதியிருந்தாங்க. 1999ல அந்த வலிப்புங்கிற வார்த்தையை எடுத்துட்டாங்க, சிறப்பு திருமண சட்டத்துல இருந்தும் எடுத்தாச்சு. அதனால "வலிப்பு இருக்கு, கல்யாணம் செல்லாது"ன்னு இப்போ யாரும் சொல்ல முடியாது. ஊர்ல இன்னும் பழைய சட்டத்தையே சொல்லி மிரட்டுறவங்க உண்டு, கண்டுக்காதீங்க.

ஆனா வேற ஒரு பிரிவு இருக்கு, முக்கியமான விஷயத்தை மறைச்சு ஏமாத்தி சம்மதம் வாங்கினாங்கன்னு சொல்லி, தெரிய வந்த ஒரு வருஷத்துக்குள்ள கல்யாணத்தை ரத்து பண்ண கேக்கலாம். கேட்டா கிடைக்குமா இல்லையான்னு ஒவ்வொரு வழக்கையும் பொறுத்தது, வக்கீலை கேளுங்க. நான் கவனிக்கிறது இதைத்தான்: நோய் இருக்கிறது உங்களை கோர்ட்டுக்கு இழுக்காது, மறைச்சதுதான் இழுக்கும். சொல்லிட்டு பண்ணின கல்யாணத்துல அந்த வாதத்துக்கே இடம் இல்ல.

ஆசான் லேகியமும் இரும்புச் சாவியும்

ஆசான்மாரை குறைச்சு பேச எனக்கு மனசு இல்ல, சுளுக்குக்கும் சதை வலிக்கும் வர்மாணி வைத்தியர்கிட்ட போகாத குடும்பம் நம்ம மாவட்டத்துல கிடையாது. எண்ணெய் தேச்சு குளிக்கிறதுல எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல. மாத்திரையை நிறுத்திட்டு லேகியம்னு சொன்னாத்தான் ஆட்சேபம். பேரு எழுதாத பொடி, லேகியத்துல என்ன இருக்குன்னு நமக்கு தெரியாது, வலிப்புக்குன்னு விக்கிற சில பொடிகளை சோதிச்சப்போ இங்கிலீஷ் மருந்தையே அளவு தெரியாம கலந்திருந்தது தெரிய வந்திருக்கு. அது கேக்குற மாதிரி இருக்கும், நிறுத்துன அன்னைக்கு மொத்தமா வரும்.

இழுக்கும்போது கையில இரும்புச் சாவியை குடுத்தா நின்னுடும்ங்கிற கதையும் அப்படித்தான். பெரும்பாலான இழுப்பு ஒண்ணுல இருந்து மூணு நிமிஷத்துல தானா நின்னுடும். சாவியை தேடி எடுத்துட்டு வந்து கையில திணிக்கிறதுக்கும் அதே ரெண்டு நிமிஷம் ஆகும், பேரு சாவிக்கு போயிடும். நீங்க செய்ய வேண்டியது: மணி பாருங்க, பக்கத்துல இடிபடுற சாமானை தள்ளி வையுங்க, தலைக்கு அடில துணி மடிச்சு வையுங்க, இழுப்பு தளர்ந்ததும் ஒரு பக்கமா சரிச்சு படுக்க வையுங்க, எச்சில் வெளிய வரட்டும். கையை காலை அமுக்கி பிடிக்காதீங்க, வாயில எதையும் வைக்காதீங்க, முழு நினைவு வர்றதுக்கு முன்னாடி தண்ணி குடுக்காதீங்க. 5 நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா, இல்ல ஒண்ணு நின்னு நினைவு திரும்பாமலே அடுத்தது வந்துச்சுன்னா 108. மூக்குல அடிக்கிற மிடாசோலாம் ஸ்ப்ரே ஒண்ணு வீட்ல வச்சுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

இப்போதைக்கு கவனிக்க வேண்டியது

துடிப்பு முழுசா நிக்கிற வரைக்கும் குளத்துல, ஆத்துல, திற்பரப்பு அருவில தனியா இறங்க கூடாது, கிணத்துல தண்ணி இறைக்கிற சோலியும் வேண்டாம். பாத்ரூம் தாழ்ப்பாள் போட வேண்டாம். ஸ்கூட்டி வேண்டவே வேண்டாம், லைசென்ஸ் ஃபாரத்துலயே வலிப்பு உண்டான்னு கேட்டு கையெழுத்து வாங்குறாங்க, அங்க பொய் எழுதி ஓட்டுறது சட்டத்துக்கும் தப்பு, ரோட்டுல போறவங்களுக்கும் ஆபத்து. ஸ்கூல்ல கூட வேலை செய்யுற ஒரு டீச்சருக்காவது விஷயம் தெரிஞ்சிருக்கட்டும்.

கல்யாணம் எப்போ நடந்தாலும் சரி, முந்தின நாள் ராத்திரி விருந்து, பாட்டு, சொந்தக்காரங்க கூட்டம்னு பன்னெண்டு மணி வரைக்கும் பெண்ணை உக்கார வச்சு, விடியக்காலை மூணு மணிக்கு மேக்கப்புக்கு எழுப்புறது நம்ம ஊரு வழக்கம். உங்க மகளுக்கு சிவராத்திரி மறுநாள் என்ன நடந்துச்சோ அதே நிலைமை இது. அவளை ஒன்பது மணிக்கு ஒரு ரூம்ல படுக்க வச்சு கதவை சாத்துங்க, கேக்குறவங்ககிட்ட தலைவலின்னு சொல்லுங்க. முகூர்த்த நேரம் கொஞ்சம் தாமதமா இருந்தா இன்னும் நல்லது. இந்த வகை வலிப்புல சிலருக்கு மின்னி மின்னி அடிக்கிற லைட்டும் ஆகாது, மேடைல டிஜே லைட் வேண்டாம்னு இப்பவே ஆடியோ ஆளுகிட்ட சொல்லி வையுங்க. மாத்திரையை மேக்கப் பாக்ஸ்ல ஒரு பட்டையும் தோழி கைப்பைல ஒரு பட்டையும் வையுங்க.

டாக்டரை பாக்க போகும்போது பழைய ஈ.ஈ.ஜி., மாத்திரை அட்டை, காலைல கை துடிக்கும்போது செல்போன்ல எடுத்த வீடியோ இருந்தா அதையும் கொண்டு போங்க, அந்த அரை நிமிஷ வீடியோ நாலு பக்க கடிதத்தை விட எங்களுக்கு உதவும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல போனாலும் சரி, இப்போ பாக்குற டாக்டர்கிட்ட போனாலும் சரி. செலவு கஷ்டம்னா வலிப்பு மாத்திரை அரசு ஆஸ்பத்திரில இலவசமாவே கிடைக்கும், அதை நினைச்சு வேளையை விட வேண்டாம். உள்ள போனதும் முதல் பத்து நிமிஷம் நீங்க வெளிய இருங்க அம்மா, மாதவிடாய், கருத்தடை, கல்யாணத்துல அவளுக்கு உண்மையிலேயே விருப்பமான்னு இதெல்லாம் உங்க முன்னாடி வச்சு அவ பேச மாட்டா, டாக்டரும் கேக்க தயங்குவாரு.